மீகொங் ஆறும் தொழில்நுட்ப உதவியும்

திபெத்திய மேட்டுநிலத்தில் ஊற்றெடுக்கும் மீகொங் ஆறு ஆறு நாடுகளைத் தொட்டுச் சென்று தென்சீனக் கடலிற் கலக்கின்றது. அதன் கீழ்வடிநிலம் மாத்திரம் ஏறக்குறைய ஆறு இலட்சம் சதுர கிலோமீற்றர் பரப்புடையது. லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் என்னும் நான்கு நாடுகளும் அதனைப் பங்கிடுகின்றன. 1950களில் இப்பகுதியின் பிரதான ஓட்டத்தில் ஓர் அணைதானும் இருக்கவில்லை. மழைக்காலத்தில் வயல்களை மூழ்கடித்தும் கோடையில் வற்றியும் ஓடிய இவ்வாறு, பொறியியலாளர் கண்ணுக்கு வீணே கடலைச் சேரும் மின்வலுவாகத் தோன்றியதில் வியப்பில்லை.

ஆயினும், அணைகட்ட விரும்பும் வறிய நாடொன்று முதலில் ஒரு விசித்திரமான தடையை எதிர்நோக்குகின்றது. கடன் வழங்குவோர் சாத்தியவள அறிக்கையைக் கேட்பர். அவ்வறிக்கைக்குப் பல்லாண்டு நீரோட்டப் பதிவுகளும், நிலமட்ட அளவீடுகளும், பாறைகளைத் துளையிட்டறிந்த முடிவுகளும் வேண்டும். இவற்றைத் திரட்டப் பணம் வேண்டும். திட்டம் உறுதியாகாத நிலையில் அப்பணத்தை எவரும் கடனாகத் தரார். இந்தச் சுழலை அறுப்பதற்கெனவே தொழில்நுட்ப உதவி என்னும் ஏற்பாடு தோன்றியது. ஆறு ஒரு நாட்டுக்கு மாத்திரம் உரியதாக இல்லாதவிடத்து இடர்ப்பாடு மேலும் பெருகும். மேல்நாட்டின் அளவீட்டைக் கீழ்நாடு நம்பவேண்டுமல்லவா?

எக்காபே எனச் சுருக்கமாக வழங்கிய, ஆசிய தூரகிழக்கு நாடுகளுக்கான ஐக்கிய நாடுகள் பொருளாதார ஆணைக்குழு 1957இல் வெளியிட்ட ஆய்வு, பிரதான ஓட்டத்தில் அணைகளுக்கேற்ற இடங்களைச் சுட்டிக்காட்டியது. அவ்வாண்டு செப்ரெம்பரில் நான்கு நாடுகளும் இணைந்து மீகொங் குழுவை அமைத்தன. அப்பொழுது எக்காபேயின் நிறைவேற்றுச் செயலாளராக இருந்தவர் ஸ்ரீரங்கத்திற் பிறந்த சி. வி. நரசிம்மன் என்பது தமிழர் பலரும் அறியாத செய்தி.

அதே ஆண்டின் இறுதியில் ஐக்கிய நாடுகள் தாபனம் ஜெனரல் றேமண்ட் வீலர் தலைமையில் ஒரு நிபுணர் குழுவை அனுப்பியது. வீலர் அமெரிக்க இராணுவப் பொறியியற் படையின் முன்னாள் தலைவர். 1957இல் சுயெஸ் கால்வாயைத் துப்புரவாக்கிய பணியை நடத்தியவர். இந்தியாவின் கன்வர் செயினும் யப்பானின் யுதாகா குபோதாவும் அக்குழுவில் இடம்பெற்றனர். குபோதா கொரியா யப்பானின் ஆதிக்கத்திலிருந்த காலத்தில் யாலு ஆற்றில் பேரணை எழுப்பியவர். போருக்குப் பின்னர் ஆலோசனை நிறுவனமொன்றைத் தாபித்தவர். குடியேற்றகாலப் பொறியியல் தொழில்நுட்ப உதவியென்னும் புதிய உடையில் மீண்டும் களமிறங்கியதெனக் கூறின் அது முற்றிலும் மிகையாகாது. குழுவின் விதந்துரையோ அடக்கமானது: உடனே அணை கட்டவேண்டாம், முதலில் அளவிடுங்கள் என்றது. ஐந்தாண்டு ஆய்வுக்கு 92 இலட்சம் டொலர் மதிப்பிடப்பட்டது.

தொடர்ந்து பல நாடுகள் பணியைப் பகிர்ந்தன. கனடா விமானப் படங்கள் எடுத்தது. அவுஸ்திரேலியா அணையிடங்களின் புவியமைப்பை ஆராய்ந்தது. யப்பான் கிளையாறுகளை நோக்கியது. இந்தியா கம்போடியாவின் தொன்லே சாப் திட்டத்தை ஆராய்ந்தது. கம்போடியா 1961இல் தாய்லாந்துடனும் 1963இல் தென்வியட்நாமுடனும் இராசதந்திர உறவை முறித்துக்கொண்டது. எனினும் அவற்றின் பிரதிநிதிகள் மீகொங் குழுவின் மேசையில் தொடர்ந்தும் ஒன்றாக அமர்ந்தனர். 1966இல் அக்குழு மக்சேசே விருது பெற்றது. நீர்மட்ட அட்டவணை அரசியலைத் தீர்க்கவில்லை; ஆனால் பேசுவதற்கு ஒரு காரணத்தை மிச்சம் வைத்தது.

அமெரிக்க சனாதிபதி ஜோன்சன் 1965 ஏப்ரலில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் தென்கிழக்காசிய அபிவிருத்திக்கு நூறு கோடி டொலர் தருவதாகக் கூறி, மீகொங்கைச் சிறப்பாகக் குறிப்பிட்டார். வட வியட்நாம்மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்த வேளை அது. உதவியும் போரும் ஒரே கையிலிருந்து வந்தன.

இத்தனை ஆய்வுகளின் பயனாக எழுந்த அணைகளுள் விதந்து கூறத்தக்கது லாவோசின் கிளையாறான நாம் ஙும் மீது அமைந்தது. லாவோசுக்குக் கடன் சுமக்கும் வலுவில்லை. ஆதலால் 1966இல் நன்கொடை நிதியமொன்று ஏற்படுத்தப்பட்டு உலக வங்கியிடம் நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டது. செலவில் ஏறக்குறைய அரைவாசியை ஐக்கிய அமெரிக்கா ஏற்றது. யப்பான், நெதர்லாந்து, கனடா முதலியன எஞ்சியதைப் பகிர்ந்தன. தாய்லாந்து சீமெந்தும் கட்டுமானக் கால மின்சாரமும் தந்து, பின்னர் மின்சாரமாகவே திருப்பிப் பெறுவதென உடன்பட்டது. உள்நாட்டுப் போரின் நடுவே வேலை நடைபெற்று, 1971இல் 30 மெகாவாற்று வலுவுடன் அணை இயங்கத் தொடங்கியது. வறிய நாடொன்று அயலவருக்கு மின்சாரம் விற்றுச் செலாவணி ஈட்டியது. மறுபுறத்தில், வெட்டப்படாத காடு அப்படியே நீருள் மூழ்கியது. பிற்காலத்தில் சுழியோடிகள் நீரின் அடியில் அம்மரங்களை அறுத்தெடுக்க நேர்ந்தது.

இது எதிர்பாராத விளைவன்று. போர்ட் மன்றத்தின் நிதியுதவியுடன் புவியியலாளர் கில்பேட் வைற் 1962இல் சமர்ப்பித்த அறிக்கை, அணைக்கு முன் மனிதரை ஆராயவேண்டுமென வலியுறுத்தியது. நீரியலாளர் பெற்ற செவிமடுப்பை அவ்வறிக்கை பெறவில்லை. வியந்தியானுக்கு மேலே திட்டமிட்ட பா மொங் பேரணையை அமெரிக்கப் பொறியியலாளர் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தனர். அதன் முதல் வடிவம் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரை இடம்பெயர்க்கும் எனக் கணிக்கப்பட்டது. அவ்வணை கட்டப்படவேயில்லை. அதனைக் கைவிடச் செய்ததில் மக்கள்மீதான கரிசனையைவிட, 1975இன் அரசியல் மாற்றங்களுக்கே கூடிய பங்குண்டு.

1978இல் கம்போடியா இன்றி இடைக்காலக் குழுவாகச் சுருங்கிய அமைப்பு, 1995 ஏப்ரலில் சியாங் ராய் உடன்படிக்கையின்வழி மீகொங் ஆற்று ஆணைக்குழுவாக மறுபிறவி எடுத்தது. இதற்கிடையில் ஆசிய அபிவிருத்தி வங்கி 1992இல் பெரு மீகொங் உபபிராந்தியத் திட்டத்தைத் தொடக்கி, வீதிகளுக்கும் மின்தொடர்களுக்கும் உதவி வழங்கியது. அணைகளின் நிதியோ வேறு வழியில் வந்தது. லாவோசின் பிரதான ஓட்டத்தில் 1,285 மெகாவாற்று சயாபுரி அணைக்குத் தாய்லாந்து வங்கிகள் கடன் வழங்கின. 2010ஆம் ஆண்டு தொடங்கிய முன்கலந்தாலோசனையில் நான்கு நாடுகளும் ஒருமுடிவுக்கு வரவில்லை. இருப்பினும் அணை 2019இல் இயங்கியது. மேல்நாடான சீனா ஆணைக்குழுவில் உறுப்புரிமை பெறாமலே யுனானில் அணைகளை அடுத்தடுத்து எழுப்பியது. தன் நீர்மட்ட அளவீடுகளை 2002இல் வெள்ளப் பருவத்துக்கு மட்டும் பகிர இணங்கிய அந்நாடு, 2020இலேயே ஆண்டு முழுவதற்கும் அவற்றைத் தர உடன்பட்டது.