சாங் ஃபார் மை ஃபாதர்

சாங் ஃபார் மை ஃபாதர் (‘என் தந்தைக்கு ஒரு பாட்டு’) அமெரிக்கப் பியானோ கலைஞர் ஹொரஸ் சில்வர் (1928–2014) தம் ஐவர் குழுவுடன் ப்ளூ நோட் நிறுவனத்துக்காக வாசித்த ஜாஸ் இசைத்தட்டு. நியூ ஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் 1963, 1964ஆம் ஆண்டுகளில் பதிவானது. ஹார்ட் பாப் பாணியைப் புதிதாகக் கேட்க வருபவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

ஹார்ட் பாப் 1950களில் உருவானது. அதற்கு முந்தைய ஜாஸ் பாணியான பீபாப்பின் வேகத்தோடும் நுணுக்கத்தோடும் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டும் ப்ளூஸும் அதில் கலந்தன. சில்வரும் டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியும் தொடங்கிய ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழு அதற்கு வழிகாட்டியது. ட்ரம்பெட், டெனர் சாக்சபோன், பியானோ, பாஸ், டிரம்ஸ் என்பதே வழக்கமான ஐவர் அமைப்பு. ஊதுகருவிகள் இரண்டும் சேர்ந்து மெட்டைச் சொல்லும். பிறகு ஒவ்வொருவராகக் கற்பனையில் விரித்து, மெட்டுக்கே திரும்புவார்கள். பல்லவி, நிரவல், கற்பனாசுரம் எனக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த ஒழுங்கு விரைவில் பிடிபடும்.

தலைப்பில் உள்ள தந்தை ஜான் தவாரிஸ் சில்வா. அப்போது போர்ச்சுக்கீசியர் ஆண்ட கேப் வெர்தேயின் மையோ தீவிலிருந்து அமெரிக்கா சென்றவர். ‘சில்வா’ அங்கே ‘சில்வர்’ ஆனது. அவரும் நண்பர்களும் வீட்டுச் சமையலறையில் கூடித் தீவின் நாட்டுப்பாடல்களை வாசிப்பதைக் கேட்டு வளர்ந்தவர் ஹொரஸ். 1964இல் பிரேசில் போய்வந்ததும் போசா நோவா தாளத்தில் ஒரு மெட்டு அமைத்தார். அமைத்த பிறகுதான் அதில் தந்தையின் தீவு இசை ஒலிப்பது அவருக்குத் தெரிந்தது. தொப்பியும் சுருட்டுமாக அட்டையில் இருப்பவரும் அந்தத் தந்தையே.

முதலில் வெளியான தட்டில் உருப்படிகள் ஆறு. 1964 அக்டோபர் 26 அன்று பதிவான நான்கில் கார்மெல் ஜோன்ஸ் (ட்ரம்பெட்), ஜோ ஹெண்டர்சன் (சாக்சபோன்), டெடி ஸ்மித் (பாஸ்), ரோஜர் ஹம்ப்ரீஸ் (டிரம்ஸ்) வாசித்தார்கள். அவற்றில் ‘தி கிக்கர்’ ஹெண்டர்சன் இயற்றியது. தலைப்புப் பாட்டில் அவருடைய சாக்சபோன் அடங்கிய குரலில் தொடங்கிக் கதறலாக ஏறும் இடம் தட்டின் உச்சம். மற்ற இரண்டும் 1963 அக்டோபர் 31 அன்று பழைய குழுவுடன் பதிவானவை. அவற்றில் ‘கல்கத்தா க்யூட்டி’ பெயரால் நம் நாட்டைத் தொடுகிறது. ‘லோன்லி வுமன்’ பியானோ, பாஸ், டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் மெதுவான பாட்டு.

தலைப்புப் பாட்டின் பாஸ் தொடக்கம் ஜாஸ் கேளாதவர்களுக்கும் அறிமுகமானது. ஸ்டீலி டான் குழு 1974இல் ‘ரிக்கி டோன்ட் லூஸ் தட் நம்பர்’ பாட்டை அதைக் கொண்டே தொடங்கியது.

பின்னர் வந்த குறுந்தகடு மறுவெளியீட்டில், அதே காலத்தில் பதிவாகித் தட்டில் இடம்பெறாத நான்கு உருப்படிகள் சேர்க்கப்பட்டன. 1999இல் வான் கெல்டரே தம் பழைய நாடாக்களிலிருந்து ஒலியைப் புதுப்பித்தார். சேர்ப்புகள் நல்லவையே, ஆனாலும் ‘லோன்லி வுமன்’ முடிந்ததும் வரவேண்டிய மௌனத்தை அவை கலைக்கின்றன. முதல்முறை கேட்பவர்கள் ஆறாவது பாட்டோடு நிறுத்தி, மற்ற நான்கையும் வேறொரு நாள் கேளுங்கள்.