கணக்கில் ஏறாத தேட்டம்

யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் உரும்பிராயின் செம்மண் தோட்டங்களைக் காணாது போகார். வெங்காயமும் வாழையும் புகையிலையும் அவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தன. கிணற்று நீரை இறைத்துப் பயிர் வளர்த்த தோட்டக்காரனின் உழைப்பைப் பாராட்டாதார் இல்லை. ஆனால் அதே ஊரில், வேலிக்கு உட்புறத்தில், வீட்டு முற்றத்திலே நடைபெற்ற தொழில் ஒன்று உண்டு. அதனை நடத்தியவர்கள் பெண்கள். அதற்கு வாணிகம் என்ற பெயர் வழங்கவில்லை. வீட்டுவேலை என்ற ஒரு சொல்லுக்குள்ளே அஃது அடங்கிப்போயிற்று.

அத்தொழிலின் நுட்பத்தை அறியப் பனம்பழம் ஒன்றே போதும். விழுந்த பழத்தைப் பொறுக்கிப் பிசைந்து பிழிந்த களியைப் பாயிலே ஊற்றி வெயிலில் உலரவிடுவர். உலர்ந்ததன்மேல் மறுநாளும் ஊற்றுவர். இவ்வாறு நாள்தோறும் தடித்து வருவது பனாட்டு. எஞ்சிய விதைகளைப் பாத்தியில் அடுக்கி மண்ணிட்டு மூடினால், மாரி மழையில் முளைத்துத் தை மாசியிலே கிழங்காகும். கிழங்கைப் பச்சையாகக் கிழித்து உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். ஒடியல் மா கூழுக்கும் பிட்டுக்கும் உதவும். குருத்தோலையோ கடகமாகவும் பெட்டியாகவும் நீத்துப்பெட்டியாகவும் உருப்பெறும். மூலப்பொருளைப் பருவமறிந்து சேர்த்தல், பழுதாகாது பேணுதல், விலையேறும் வரை காத்திருத்தல், கழிவையும் பண்டமாக்குதல் ஆகிய இவையன்றோ வாணிபத்தின் இலக்கணம்? பள்ளிக்கூடம் காணாத பெண்கள் பலர் இவ்விலக்கணத்தைக் கையினாலே கற்றிருந்தனர்.

இதற்கு வேண்டிய முதல் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் சீட்டிலிருந்தே வந்தது. அயலிலுள்ள பத்துப் பதினைந்து பெண்கள் மாதந்தோறும் ஒரு தொகையை இட்டு, முறைப்படி ஒருத்தி முழுத் தொகையையும் எடுப்பாள். ஈடு இல்லை, உறுதி இல்லை, வாக்கே ஈடு. ஒருத்தி எடுத்த தொகை கறவைப் பசுவாகும். மற்றொருத்தி எடுத்த தொகை தையற் பொறியாகும். மிளகாய்த்தூள் இடித்து விற்பதற்குச் செத்தல் மிளகாய் வாங்கியவளும் உண்டு. சீட்டை நடத்துபவள் ஊரின் நம்பிக்கைக்குரிய கணக்கப்பிள்ளையாக விளங்கினாள்.

இனி, சட்டம் இப்பெண்களை எவ்வாறு நோக்கிற்று என்பதைக் காண்போர்க்கு வியப்பான செய்தி ஒன்று புலப்படும். ஒல்லாந்தர் ஆட்சியிலே, ஆளுநர் சிமோன்ஸின் பணிப்பின்படி, கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களைத் தொகுத்தார். 12 முதலியார்கள் ஆராய்ந்து ஒப்பிய அத்தொகுப்பு 1707 ஆம் ஆண்டிலே தேசவழமை என நிலைபெற்றது. கணவன் வழிச் சொத்து முதுசம். மனைவி கொணர்ந்தது சீதனம். இருவரும் வாழுங்காலத்து ஈட்டியது தேடியதேட்டம் என அது வகுத்தது. பெண்ணுக்குத் தனிச் சொத்து உண்டு என்பதை அன்றே எழுத்தில் வைத்த பெருமை அதற்கு உண்டு.

பின்னர் 1911 ஆம் ஆண்டில் வந்த யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைச் சட்டம், தேடியதேட்டம் இருவர்க்கும் சமமாக உரியது என்றது. மனைவி தன் அசையும் பொருளைத் தன் விருப்பப்படி விற்கலாம். ஆயின் அசையாப் பொருளைக் கையளிப்பதற்குக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்றும் விதித்தது. 1923 ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டம் ஏனையோர்க்கு இத்தடையை நீக்கியபோதும், தேசவழமைக்கு உட்பட்ட வடமாகாணத் தமிழர்க்கு அது பொருந்தாது எனப்பட்டது. இதன் பயன் யாது? ஒடியலை விற்க ஒருத்திக்கு உரிமை இருந்தது. ஆனால் தன் சீதனக் காணியை ஈடுவைத்து அத்தொழிலைப் பெருக்க அவள் கையொப்பம் மட்டும் போதாதாயிற்று. காணியே இல்லாத கூலிப் பெண்ணுக்கோ சட்டத்தின் இந்த அரை உரிமையும் எட்டவில்லை.

இக்குறையை உணர்ந்தோர் சிலர் முன்வந்தனர். கனடாவிலே பிறந்து, இலங்கைத் தமிழரை மணந்து, இந்நாட்டிலேயே மருத்துவப் பணியாற்றிய டாக்டர் மேரி இரத்தினம், லங்கா மகிளா சமிதியைத் தோற்றுவித்துக் கிராமப் பெண்களுக்குச் சுகாதாரமும் கைப்பணியும் பயிற்றுவிக்க வழி செய்தார். 1958 ஆம் ஆண்டில் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. 1978 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபை, முற்றத்துப் பொருள்களை அரசாங்கம் தொழிலாக ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாயிற்று.

ஆனால் போர் அந்த முற்றத்தையே பறித்தது. 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஒருங்கே பெயர்ந்து தென்மராட்சியை நோக்கி நடந்தனர். உரலும் பாத்தியும் பின்னே நின்றன. 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது, குடாநாட்டுப் பண்டம் தெற்கே செல்லும் தரைவழி அற்றது. 2009 இல் போர் முடிந்தபொழுது, கணவனை இழந்து குடும்பத்தைத் தாமே தாங்க நேர்ந்த பெண்கள் வடக்கெங்கும் பல்லாயிரவர். அன்றுவரை துணைவருவாய் எனக் கருதப்பட்டது அன்றே முழுவருவாய் ஆயிற்று. தூள் இடித்தும், பலகாரம் சுட்டும், தைத்தும் அவர்கள் பிள்ளைகளைப் படிப்பித்தனர்.

இவர்களை நாடி வந்தது நுண்கடன். ஈடு கேளாது கொடுத்த அக்கடன், கிழமைதோறும் வாசலில் நின்று அறவிடப்பட்டது. ஒரு கடனை அடைக்க மறுகடன் பெற்றோர் பலர். 2016 ஆம் ஆண்டிலே நுண்நிதிச் சட்டம் பிறந்தது. 2018 இலோ, வரட்சியால் வருந்திய 12 மாவட்டங்களில், ஓரிலட்சம் ரூபாவுக்கு மேற்படாது கடன்பட்டுத் தவணை தவறிய பெண்களின் சுமையை அரசாங்கமே ஏற்க நேர்ந்தது. பெண்ணின் நாணயத்தை நம்பிக் கடன் கொடுத்தவர்கள், அவள் தொழிலின் வரவையும் பருவத்தையும் கணக்கிட்டிலர். கிழங்கு முளைக்கப் பல மாதம். தவணைக்கோ ஏழு நாள்!

சிறு கடன் தீங்கன்று என்பதற்குப் பம்பாய் சான்றாகும். 1959 மார்ச் 15 ஆந் திகதி ஏழு பெண்கள் 80 ரூபா கடன் பெற்று மாடித் தளத்திலே அப்பளம் இடத் தொடங்கினர். அதுவே பின்னர் லிஜ்ஜத் அப்பள நிறுவனமாக வளர்ந்தது. அங்கே அப்பளம் இடுபவளே நிறுவனத்தின் பங்குடையவள். உலையும் வெயிலும் உரும்பிராய்க்கும் பம்பாய்க்கும் ஒன்றே. வேறுபட்டது, கணக்குப் புத்தகம் யார் கையில் இருந்தது என்பதேயாகும்.

ஆதலின் பெண்களின் சாதனையை மதித்தல் என்பது ஆண்டிற்கொருமுறை மேடையிலே பொன்னாடை போர்த்துவதோடு முடிவதன்று. அவள் வருவாயைத் தொழில் வருவாய் எனப் பதிவுசெய்தல், விளைச்சலின் பருவத்துக்கேற்பத் தவணை வகுத்தல், அவள் கையொப்பம் ஒன்றே அவள் சொத்துக்குப் போதுமென ஏற்றல், கூட்டுறவிலே அவளைப் பங்காளியாக்கல் ஆகிய இவையே உண்மையான மதிப்பாகும். தேடியதேட்டம் என்ற சொல்லை இந்த மண் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே எழுதிவைத்தது. அத்தேட்டத்திலே முற்றத்தில் தேடியவளின் பங்கையும் அவள் பெயராலேயே எழுதும்போதுதான் அந்தக் கணக்கு நேர்படும்.