நெஞ்சுக்குச் சிகிச்சை, காலில் ஏன் தையல்?



இதய சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பிய எங்கள் ஊர் மூத்தவர் ஒருவரை நலம் விசாரிக்கப் போனோம். "நெஞ்சில செய்யிற ஒப்பரேஷனுக்கு வாப்பாட காலை ஏன் வெட்டினவங்க?" என்று பேரப்பிள்ளை கேட்டது. மூத்தவரோ, "தையல் ஆறிட்டுத்தானே" என்று மாத்திரைகளை நிறுத்தியிருந்தார். இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அது குருதிக்குழாயின் உள்ளே இருக்கும் அகவணி என்ற மெல்லிய படலம்.

டமஸ்கஸில் பிறந்து கெய்ரோவில் வைத்தியம் பார்த்த இப்னுன் நபீஸ் (இறப்பு 1288), இதயத்தின் வலப்பக்கக் குருதி சுவாசப்பை வழியாகவே இடப்பக்கம் வருகிறது என்று எழுதினார். உடல் முழுவதுமான குருதிச் சுற்றோட்டத்தை 1628இல் வில்லியம் ஹார்வி விளக்கினார். பாதை தெரிந்துவிட்டது. ஆனால் பாதையின் உட்சுவர் செய்யும் வேலை நெடுங்காலம் விளங்கவில்லை. அது வெறும் வழுவழுப்பான உறை என்றே பலரும் நினைத்தார்கள்.

1953 மே 6இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜோன் கிப்பன், இதயத்தின் வேலையையும் சுவாசப்பையின் வேலையையும் ஓர் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, 18 வயதுப் பெண்ணின் இதயத்திலிருந்த துளையை மூடினார். 1967இல் கிளீவ்லாண்டில் ரெனே பவலோரோ, காலிலிருந்து எடுத்த நாளத்தால் அடைபட்ட இதய நாடிக்கு மாற்றுவழி அமைத்தார். இதுதான் நாங்கள் சொல்லும் பைபாஸ். இந்தியாவில் இதை முதலில் வெற்றிகரமாகச் செய்தவர் கே. எம். செரியன்; 1975இல், சென்னை பெரம்பூர் ரயில்வே வைத்தியசாலையில். பேரப்பிள்ளையின் கேள்விக்கு விடை இதுதான்: காலில் எடுத்த குழாய்தான் இப்போது நெஞ்சில் வேலை செய்கிறது.

பிறகு 1980இல் ஒரு திருப்பம். ரொபர்ட் பர்ச்கொட் முயலின் பெருநாடித் துண்டுகளை ஆராய்ந்தபோது, உள்படலம் உரசிப்போன துண்டு ஒரு மருந்துக்கு விரியவில்லை. படலம் சேதமில்லாமல் இருந்த துண்டு விரிந்தது. படலமே ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது என்பது தெரிந்தது. அந்தப் பொருள் நைத்திரிக் ஒட்சைட்டு. குழாயை விரியச் செய்வதும், குருதி உள்ளே கட்டியாகாமல் காப்பதும் அதன் வேலை. இந்த ஆய்வுக்காக 1998இல் அவரும் வேறு இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள்.

அதன் பின்னர் சத்திரசிகிச்சையையே வேறு கண்ணால் பார்த்தார்கள். கால் நாளத்தை எடுக்கும்போது சுற்றியுள்ள கொழுப்பை உரித்து, உள்ளே திரவம் ஏற்றி விரித்தால் படலம் காயப்படுகிறது. அந்தக் குழாய் பின்னாளில் அடைபடக்கூடும். எனவே சுவீடனில் டொமிங்கோஸ் சூசா, சுற்றுக் கொழுப்போடு சேர்த்தே நாளத்தை எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். இயந்திரத்தின் குழாய்களில் குருதி பட்டு ஓடும்போதும் உடலில் அழற்சி எழுகிறது. படலத்தின் மேலுள்ள மிக மெல்லிய பூச்சு உதிர்கிறது. நீர் கசிந்து வீக்கம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பூச்சு மெதுவாக மீண்டும் வளரும்.

எனவே உறவுகளே, வெளியே தையல் ஆறுவதும் உள்ளே படலம் ஆறுவதும் ஒன்றல்ல. புகையும், கட்டுப்பாடில்லாத சீனி வருத்தமும், உயர் குருதி அழுத்தமும் அதே படலத்தைத்தான் தினமும் அரிக்கின்றன. இன்று யாழ் போதனா வைத்தியசாலையிலேயே திறந்த இதய சத்திரசிகிச்சை நடக்கிறது. முன்போல எல்லோரும் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் அங்கே பொருத்தித் தந்த குழாயைக் காப்பாற்றுவது எங்கள் வீட்டில், எங்கள் கையில்.

வைத்தியர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். கிளினிக் திகதியைத் தவற விடாதீர்கள். எங்கள் மூத்தவர் மறுநாளே கிளினிக் போனார், அல்ஹம்துலில்லாஹ். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள்.