குடிநோயாளர் தோழமையின் தோற்றமும் போதகரின் பங்கும்

கடலூரிலிருந்து புதுவை செல்லும் நெடுஞ்சாலையில், சுண்ணாம்பாற்றங்கரையில் அமைந்த சிற்றூர் நோணாங்குப்பம். இவ்வட்டாரம் மதுவிலக்கைக் குறித்து நமக்கு ஒரு பாடம் கற்பிக்கின்றது. 1937இல் இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. புதுவையோ 1954 வரை பிரெஞ்சு நிருவாகத்தின்கீழ் இருந்தது. எல்லைக்கு அப்பால் கடைகள் மூடப்பட்டபோதும் இப்பால் திறந்தே இருந்தன. பின்னர் 1971இல் தமிழ்நாட்டிலும் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. சட்டம் கடையை மூடலாம். குடிப்பவனுடைய தாகத்தை மூட அதனால் இயலாது.

திருச்சபையின் ஒழுங்கு நடவடிக்கையும் பல வேளைகளில் இத்தகைய சட்டமாகவே நின்றுவிடுகின்றது. நாம் ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில், குடிப்பழக்கத்திற்கு ஆளான ஒருவருடைய பெயரைத் திருவிருந்துப் பட்டியலிலிருந்து நீக்கினோம். மூன்றுமுறை அவருக்குப் புத்தி சொன்னோம். மூன்றுமுறையும் அவர் கண்ணீர்விட்டார். “நான் எங்கே போகட்டும், ஐயா?” என்று அவர் கேட்டபோது, சொல்வதற்கு ஒரு பெயரும் ஓர் இடமும் நம்மிடம் இருக்கவில்லை. அக்கேள்விக்குரிய விடை வரலாற்றில் எவ்வாறு உருவாயிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோடிகள்

1840ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஆறு குடிகாரர்கள் ஒன்றுகூடி, இனிக் குடிப்பதில்லை என உறுதிமொழி எடுத்து ‘வாஷிங்டனியர்’ சங்கத்தை அமைத்தனர். குடித்தவனே குடிப்பவனிடம் பேசவேண்டும் என்பது அவர்கள் கண்ட உண்மை. அச்சங்கம் மிக விரைவாகப் பரவிற்று. ஆனால் அரசியலிலும் பிற சர்ச்சைகளிலும் சிக்குண்டு, சில ஆண்டுகளிலேயே தளர்ந்து மறைந்தது. 1877இல் ஜெனீவாவில் லூயி லூசியன் ரோஷா என்னும் போதகர் நீலச்சிலுவைச் சங்கத்தைத் தொடங்கி, மதுவை விட விரும்புவோருக்குத் தோள்கொடுத்தார். இவ்விரு முயற்சிகளிலும் விதை இருந்தது. மரம் பின்னரே வளர்ந்தது.

ஆக்ரன் நகரில்

1935 மே மாதம். நியூயார்க் வணிகர் பில் வில்சன், தொழில் முயற்சியில் தோல்வியுற்று, ஓஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகர விடுதியொன்றில் தனித்து நின்றார். குடியை விட்டு ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. ஒருபுறம் மதுக்கூடத்தின் ஆரவாரம்; மறுபுறம் தொலைபேசியும் ஆலயங்களின் பட்டியலும். அவர் ஆலயங்களின் பட்டியலை நாடினார். அழைப்பை ஏற்றவர் எபிஸ்கோப்பல் சபைக் குருவானவராகிய வால்ட்டர் டங்க்ஸ். மற்றொரு குடிநோயாளரிடம் பேசினாலன்றித் தாம் விழுந்துவிடக்கூடும் என்பது வில்சனின் நிலை. குருவானவர் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. சிலருடைய பெயர்களைத் தந்தார். அவ்வழியே ஹென்ரியெட்டா சீபர்லிங் என்னும் அம்மையார் கிடைத்தார். அவர் மூலமாக மறுநாள், மே 12 அன்று, அறுவை மருத்துவர் ராபர்ட் ஸ்மித்தைச் சந்தித்தார் வில்சன். கால்மணி நேரம் மட்டுமே இருப்பதாகச் சொல்லி வந்த மருத்துவர், ஆறுமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர் இறுதியாகக் குடித்த ஜூன் 10ஆம் நாளே இத்தோழமையின் பிறந்தநாளாகக் கொள்ளப்படுகின்றது.

இருவரும் பிராங்க் புக்மன் தொடங்கிய ஆக்ஸ்போர்டு குழுவின் தொடர்புடையவர்கள். தன்னாய்வு, பாவ அறிக்கை, ஈடுசெய்தல் ஆகியவற்றை அங்கிருந்தும், குருவானவர் சாமுவேல் ஷூமேக்கரிடமிருந்தும் கற்றனர். 1939இல் வெளியான நூலில் பன்னிரு படிகள் இடம்பெற்றன. 1950இல் பன்னிரு மரபுகள் ஏற்கப்பட்டன. வாஷிங்டனியரை வீழ்த்திய சர்ச்சைகளிலிருந்து இத்தோழமையைக் காத்து நிற்பவை இம்மரபுகளே.

நம் நாட்டில்

‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் இத்தோழமை 1957இல் இந்தியாவில் வேரூன்றிற்று. சென்னையில், கணவரை மதுவினால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தை நிறுவி, சிகிச்சைக்கும் குடும்பத்தாரின் ஆறுதலுக்கும் வழி திறந்தார். குடும்பத்தாருக்கென்றே ‘அல்-அனான்’ என்னும் தோழமை 1951 முதல் இயங்குகின்றது.

கூட்டத்தில் நிகழ்வது எளியது. கட்டணம் இல்லை, பதிவேடு இல்லை. குடியை நிறுத்தவேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. ஒருவர் தம் கதையைச் சொல்கிறார். மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்கிறார்கள். முழுப்பெயர் சொல்லப்படுவதில்லை. சில கூட்டங்கள் குடிநோயாளருக்கு மட்டும் உரியவை. வேறு சில எவரும் வரக்கூடியவை. போதகர் இரண்டாம் வகைக்குச் சென்று, பின்வரிசையில் அமர்ந்து கேட்டல் நலம்.

நம் கடமை

இவ்வரலாறு போதகருக்கு மூன்று காரியங்களை உணர்த்துகின்றது. முதலாவது, பெயர்களை அறிந்திருத்தல். அருகிலுள்ள குழு எங்கே, எந்நாளில் கூடுகின்றது என்பதை மும்பையிலுள்ள பொதுச்சேவை அலுவலகத்தின் வாயிலாக அறிந்து, குறிப்பேட்டில் எழுதி வைப்போமாக. இரண்டாவது, மருத்துவத்தை மதித்தல். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தக்கலக்கமும் நேரிடலாம். உயிருக்கே ஆபத்து வரலாம். ஆதலால் முதலில் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். நோணாங்குப்பத்தாருக்குப் புதுவை ஜிப்மர் எட்டும் தூரத்திலேயே உள்ளது. மூன்றாவது, இடம் கொடுத்தல். ஆலய வளாகத்தில் ஓர் அறையை அளித்தால் போதும். அவர்கள் தங்கள் செலவைத் தாங்களே ஏற்கும் மரபினர். வாடகை கொடுக்க முன்வந்தால் மறுத்தல் ஆகாது. கூட்டத்திற்குத் தலைமை தாங்கவும் முற்படல் ஆகாது.

யாக்கோபின் நிருபம் ஆக்ரன் நகரத்து முதல் உறுப்பினர்களால் விரும்பி வாசிக்கப்பட்டது. ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடுமாறு அது சபையாருக்கே எழுதப்பட்ட ஆலோசனை. நாம் மறந்திருந்ததைக் குடிநோயாளர்கள் செய்துகாட்டினர். நாம் பட்டியலிலிருந்து பெயரை நீக்கிய அம்மனிதருக்குத் தேவைப்பட்டது வேறொரு பட்டியல். இன்று அத்தகையதொன்று நம் மேசையின்மேல் இருக்கின்றது. அவர் வந்து கேட்ட நாளில் அது இருக்கவில்லை.