நிர்வாக முகவரும் நிர்வாக இயக்குநரும்

இயக்குநர் குழுவின் மேற்பார்வைக்கு உட்பட்டு ஒரு கம்பெனியின் அன்றாட அலுவல்களை நடத்தும் நிர்வாக இயக்குநர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இந்தியத் தொழில்துறையில் அரிதாகவே காணப்பட்டார். அவருடைய இடத்தில் பெரும்பாலும் ஒரு வணிக இல்லமே இருந்தது. கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு அதன் நிர்வாகம் முழுவதையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட அந்த இல்லத்துக்கு மேனேஜிங் ஏஜென்ட், அதாவது நிர்வாக முகவர் என்று பெயர். துவாரகநாத் தாகூர் 1834இல் கல்கத்தாவில் தொடங்கிய கார், தாகூர் அண்டு கம்பெனி இம்முறையின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. சென்னைப் பெரம்பூரின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளைப் பின்னி கம்பெனி நடத்தியதும் இவ்வகையிலேயே.

புதிய தொழிலில் பணம் போட மக்கள் தயங்கிய காலத்தில், முகவரின் பெயரை நம்பியே பங்குகள் விற்றன; வங்கிக் கடனுக்கும் அவருடைய உத்தரவாதமே துணைநின்றது. இந்தச் சேவைக்கு அவர் பெற்ற விலைதான் சிக்கலானது. இலாபத்தில் பங்கு என்று மட்டும் இல்லாமல், விற்பனையின் மீதோ உற்பத்தியின் மீதோ தரகும், அதற்கு மேல் அலுவலகப்படி என்றொரு மாதத் தொகையும் பல ஒப்பந்தங்களில் இடம்பெற்றமையால், பங்குதாரருக்கு ஒரு காசும் கிடைக்காத ஆண்டிலும் முகவருக்கு வரும்படி நின்றதில்லை. ஒரே இல்லம் சணல் ஆலையையும் நிலக்கரிச் சுரங்கத்தையும் நிர்வகித்தபோது, கரியை விற்றவரும் வாங்கியவரும் ஒருவரே ஆயினர். விலை யாருக்குச் சாதகமாக அமைந்தது என்று கேட்கவேண்டிய இயக்குநர்களோ பெரும்பாலும் முகவரின் கூட்டாளிகள்.

1936ஆம் ஆண்டின் கம்பெனிகள் திருத்தச் சட்டம் முகவரின் பதவிக்காலத்தை 20 ஆண்டுகளுக்குள் அடக்கி, ஊதியத்தை நிகர இலாபத்தோடு பிணைத்தது. 1956ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் மேலும் இறுக்கிப் பிடித்ததோடு, நிர்வாக இயக்குநரையும் விட்டுவைக்கவில்லை: ஒரு நியமனத்துக்கு ஐந்தாண்டுக்கு மேல் கூடாது, பொதுவாக இரண்டு கம்பெனிகளுக்கு மேல் அப்பதவி வகிக்கக் கூடாது, ஒரு பொதுக் கம்பெனி தன் நிர்வாகத்தினர் அனைவருக்கும் தரும் ஊதியம் நிகர இலாபத்தில் 11 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஐந்தாண்டு வரம்பும் 11 விழுக்காடு என்ற அளவும் 2013ஆம் ஆண்டின் சட்டத்திலும் நீடிக்கின்றன. கம்பெனியின் ஒப்பந்தத்தில் தமக்குள்ள நலனை இயக்குநர்கள் குழுவின் முன் வெளியிடும் கடமையும் அப்படியே. இன்றைய உயர் நிர்வாகியின் கடமைகள் மேலாண்மைக் கல்லூரிகளில் உருவானவை என்பதைவிட, முகவர்மீது எழுந்த ஐயத்தில் உருவானவை என்பதே பொருந்தும்.

1970 ஏப்ரல் 3 முதல் முகவர் முறை ஒழிக்கப்பட்டது. பல தொழில் குடும்பங்களில் முகவர் இல்லத்தின் பங்காளிகளே நிர்வாக இயக்குநர்களாக அமர்ந்தனர் என்றாலும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுநியமனத்துக்கு ஒப்புதல் கேட்டு நிற்கவேண்டியவர்களாயினர்.