கோபித்துக்கொள்ளும் பூட்டு

என் அண்ணாவின் கைப்பேசி போன வருஷம் என்னைப் படாத பாடு படுத்திவிட்டது. அவர் பஸ் நிலையத்தில் மயங்கி விழுந்துவிட்டார். பக்கத்திலிருந்த புண்ணியவான்கள் சோடா வாங்கி முகத்தில் தெளித்துவிட்டு, வீட்டாருக்குச் சொல்லலாமென்று அவருடைய கைப்பேசியை எடுத்தார்கள். அது ஆறு இலக்க எண்ணைக் கேட்டது. மனிதரோ நினைவில்லாமல் கிடக்கிறார், யாரைக் கேட்பது? ஆஸ்பத்திரியில் அவர் கண் விழித்த பிறகுதான், மூன்று மணி நேரம் கழித்து, எங்களுக்குச் செய்தி வந்தது. திருடனைத் தடுக்கப் போட்ட பூட்டு, உதவிக்கு வந்தவர்களைத் தடுத்துவிட்டது!

(நேயர்கள் பயப்பட வேண்டாம். அண்ணா சௌக்கியமாயிருக்கிறார். காப்பியில் சர்க்கரை போதவில்லையென்று இன்று காலையில்கூடச் சண்டை பிடித்தார்.)

அன்றிலிருந்து பூட்டுகளின் சரித்திரத்தைப் புரட்ட ஆரம்பித்தேன். இந்தச் சங்கடம் கைப்பேசியோடு பிறந்ததல்ல என்று தெரிந்தது.

1817-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத் கப்பல் பட்டறையில் யாரோ கள்ளச்சாவி போட்டுத் திருடிவிட்டார்கள். தன் சாவியைத் தவிர வேறெதற்கும் திறவாத பூட்டைச் செய்பவருக்கு 100 பவுன் பரிசு என்று அரசாங்கத்தார் அறிவித்தார்கள். இரும்புச் சாமான் வியாபாரம் செய்துவந்த சப் குடும்பத்தைச் சேர்ந்த ஜெரமையா சப் என்பவர் 1818-இல் ஒரு பூட்டைக் கொண்டுவந்தார். அதன் சாமர்த்தியத்தைச் சொல்ல வேண்டும். உள்ளேயிருக்கும் தகடு ஒன்றை யாராவது வேண்டிய அளவுக்குமேல் தூக்கிவிட்டால் போதும்; பூட்டு கோபித்துக்கொண்டு இறுகிவிடும். பிறகு சொந்தச் சாவிக்குக்கூட மசியாது. 'யாரோ கை வைத்திருக்கிறான்' என்று வீட்டுக்காரர் தெரிந்துகொள்வார். போர்ட்ஸ்மத்தில் நின்ற சிறைக் கப்பலில் பூட்டுத் தொழில் தெரிந்த கைதி ஒருவன் இருந்தான். இதைத் திறந்தால் விடுதலையும் உண்டு, பணமும் உண்டு என்றார்கள். அந்த ஆசாமி இரண்டு மூன்று மாதம் போராடிவிட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்டான்.

எல்லாம் சரிதான். ஆனால் கோபித்த பூட்டைச் சமாதானம் செய்ய இன்னொரு தனிச் சாவி வேண்டியிருந்தது. அதைக் கூடவே வைத்துக்கொண்டால் தொலையும். பத்திரப்படுத்தி வைத்தால் வேண்டிய சமயத்தில் அகப்படாது. நம் வீடுகளில் பத்திரப்படுத்திய பொருள் என்றைக்கு அகப்பட்டிருக்கிறது? 1824-இல் அந்தப் பூட்டைத் திருத்தினார்கள். அதன்பின் சொந்தச் சாவியாலேயே சமாதானம் செய்துவிடலாம். என்னைக் கேட்டால் 1818-ஐவிட 1824-தான் பெரிய வருஷம். முதல் தடவை திருடனை நினைத்தார்கள். இரண்டாம் தடவைதான் வாசலில் நிற்கும் வீட்டுக்காரனை நினைத்தார்கள். (1851-இல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் லண்டனில் சப் பூட்டு ஒன்றைச் சாவியில்லாமல் அரை மணிக்குள் திறந்து எல்லோரையும் திகைக்க வைத்தார். அது வேறு கதை.)

கைப்பேசிக்காரர்களும் அதே வழியில்தான் வந்தார்கள். எண்ணை ஒவ்வொரு தடவையும் அழுத்தச் சோம்பி, பூட்டே வேண்டாமென்று விட்டவர்கள் அநேகம். 2013-இல் ஐபோனில் விரல்ரேகைப் பூட்டு வந்தது. விரலை வைத்தால் திறக்கும். ஐந்து முறை ரேகை ஒத்துவராவிட்டாலோ, 48 மணி நேரம் திறக்காமல் கிடந்தாலோ, அணைத்துப் போட்டாலோ, எண்ணைக் கொடு என்று முறுக்கிக்கொள்ளும். சப் பூட்டின் பேரப்பிள்ளை என்றே சொல்லலாம்.

வாசலில் நிற்பவன் வீட்டுக்காரனாகவே இல்லாவிட்டால்? 2014-இல் அதற்கும் வழி செய்தார்கள். பூட்டைத் திறக்காமலே, உடம்பின் விவரத்தையும் அவசரத்தில் கூப்பிட வேண்டியவரின் எண்ணையும் பார்க்கலாம். முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால்! அண்ணாவின் கைப்பேசியிலும் அந்த இடம் இருந்தது. காலியாக இருந்தது.

நானே உட்கார்ந்து நிரப்பினேன். ரத்தம் என்ன வகை என்று கேட்டதற்கு, "நல்ல ரத்தம்தான்" என்றார் அண்ணா. பிறகு என் எண்ணைப் போட்டேன். எட்டிப் பார்த்தவர், "நீ என்றைக்குடா கூப்பிட்டவுடனே போனை எடுத்திருக்கிறாய்? அழித்துவிட்டு உன் மன்னி நம்பரைப் போடு" என்றார்.

போட்டேன்.