பேஸ்பால் ஆய்வு (1988)
வாசித்துப் புரிந்துகொள்வதில் முன்னறிவின் பங்கைக் காட்டிய அமெரிக்க ஆய்வு. நடத்தியவர்கள் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி. 7, 8ஆம் வகுப்பு மாணவர் 64 பேரை வாசிப்புத் திறன், பேஸ்பால் அறிவு இரண்டையும் வைத்து நான்கு குழுக்களாகப் பிரித்தனர். அரை இன்னிங்ஸ் ஆட்ட வருணனையை வாசித்தபின், மைதான மாதிரியில் மரப்பொம்மைகளை நகர்த்தி, நடந்ததைப் பிள்ளைகள் காட்ட வேண்டும். பிறகு வாயாலும் சொல்ல வேண்டும். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டம் தெரிந்தவர்கள், ஆட்டம் தெரியாத தேர்ந்த வாசகர்களை மிஞ்சினார்கள். ‘மந்தம்’ என்று முத்திரை குத்தப்படும் பிள்ளைக்கு இதைவிட நல்ல சாட்சி அரிது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் திறன் தேவையில்லை என்பதல்ல இதன் பொருள். அது மட்டும் போதாது; படிக்கும் பொருளைப் பற்றிய அறிவும் வேண்டும். ஆகவே, வாசிப்புப் பயிற்சித்தாள்களுக்காக வரலாறு, அறிவியல் பாடவேளைகளைக் குறைப்பது தவறு.